குளிப்பிடத்தின் கழிவுக்குழாய்

சனிக்கிழமை காலை குளிப்பிடத்தின் கதவு பூட்டியிருந்தது. கம்பளித் தொப்பிக்குள் எண்ணெய்த் தலையும், கையில் துவாயும் அரப்புப் பொட்டலமுமாக வந்த தவரத்தினம், கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். நகரசபையின் முத்திரை தெரிந்தது. மற்றதெல்லாம் பிரெஞ்சு. அவருக்குச் சமையலறைப் பிரெஞ்சும் சந்தைப் பிரெஞ்சும் வரும். முத்திரை குத்திய பிரெஞ்சு பிடிபடுவதில்லை.

கதவுக்குப் பக்கத்தில் லாசர் சிகரெட்டோடு நின்றார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்தவர். நகரசபைச் சம்பளத்தில் இந்தப் பொதுக் குளிப்பிடத்தைத் திறந்து, கழுவி, பூட்டுவது அவர் வேலை.

"வாங்க முசியே தவம். தாளிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. இன்னிக்கு அடுப்பு கெடையாது."

"ஏன் அண்ணை, தண்ணி இல்லையோ?"

"தண்ணி வருது. போறதுக்குத்தான் வழி இல்ல. கீழ் அறையில கழிவுக்குழாய் பிளந்துபோச்சு. மெரியிலேர்ந்து ஆளுங்க வந்து பார்த்தாங்க. உள்ளேர்ந்து கறுப்பா, களி மாதிரி, வாளி வாளியா அள்ளினாங்க. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல."

"எப்ப திறப்பினம்?"

"யாருக்குத் தெரியும். காசு இல்லேங்கிறாங்க. ரெண்டு வருஷமா ஒரே பாட்டு, லா கிறீஸ், லா கிறீஸ். பல்பு மாத்தித் தாங்கன்னாலும் லா கிறீஸ்."

மெரி என்பது நகரசபை. லா கிறீஸ் என்பது உலகத்தைப் பிடித்திருந்த பொருளாதார நெருக்கடி. அது தவரத்தினத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர் கோப்பை கழுவும் அலுவலகச் சாப்பாட்டுக்கூடத்தில் பலரை நிறுத்தினார்கள். அவரை நிறுத்தவில்லை, வேலை நேரத்தை வெட்டிவிட்டு, பழைய அளவு கோப்பைகளையே கழுவச் சொன்னார்கள். 2010ஆம் ஆண்டில் பாரிஸில் இது ஒருவருக்கும் புதினமில்லை.

அவர் எண்ணெய்த் தலையோடு திரும்பி நடந்தார்.

அவருடைய அறை, தமிழ்க்கடைகள் நிறைந்த ரூ காய் தெருவுக்குப் பின்தெருவில், கூரையை ஒட்டிய கடைசி மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி. கக்கூஸ் நடைக்கோடியில், எல்லா அறைக்கும் பொது. குளிக்க இடம் இல்லை. அந்த வரிசையில் ஒரு அறைக்கும் இல்லை. அதற்குத்தான் நகரசபை அந்தக் காலத்தில் பொதுக் குளிப்பிடங்களைக் கட்டியது. கட்டணம் இல்லை, கேள்வி இல்லை. போனால் ஒரு அறை, சுடுதண்ணீர், நேரம் முடிந்ததும் லாசர் கதவில் தட்டுவார்.

சனிக்கிழமைகளில் தவரத்தினம் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்ப்பார். பக்தி ஒன்றும் இல்லை. தகப்பன் கல் உடைத்தவர். உழைக்கிற உடம்புக்கு வாரத்தில் ஒரு நாளாவது எண்ணெய் காட்டாவிட்டால் அது முறியும் என்று அடித்துச் சொல்லி வளர்த்தவர். கிழமை முழுக்க நீராவியிலும் சவர்க்காரத்திலும் நின்று வெடித்துப்போன கைகளுக்கு அது உண்மையாகவும் இருந்தது. குளிப்பிடத்தில் எண்ணெய் ஊறவைக்க நேரம் தரமாட்டார்கள். ஆகவே அறையிலேயே பூசி, ஊறவிட்டு, இடுப்பில் கட்டிய பழைய சாரத்துக்கு மேல் காற்சட்டை போட்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்குவார். அவர் மட்டும் இல்லை. கோடை நாளிலும் கம்பளித் தொப்பியோடு குளிப்பிடத்துக்கு வரும் தமிழ் ஆட்கள் ஒரு கூட்டம் இருந்தது. லாசருக்கு எல்லாரையும் தெரியும்.

முன்பு முதுகுக்கு இராஜேந்திரன் இருந்தான். பக்கத்து அறை. சனி காலை ஒருவர் முதுகுக்கு ஒருவர் தேய்த்துவிட்டு, இருவருமாக இறங்கிப் போவார்கள். பிறகு இராஜேந்திரனின் மனைவி கோசலையும் மகளும் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். நகருக்கு வெளியே சார்செலில் வீடு கிடைத்தது. அவன் போன பிறகு தவரத்தினத்தின் முதுகில் ஒரு இடம், இரண்டு கைக்கும் எட்டாத ஒரு உள்ளங்கை அளவு இடம், எண்ணெய் காணாமல் கிடந்தது.

அன்று அவர் தொட்டித் தண்ணீரைக் கோப்பையால் மொண்டு தலையைக் கழுவினார். அரப்பு போட்டுத் தேய்க்க இடம் போதவில்லை. தலையணை ஒரு கிழமைக்கு எண்ணெய் மணத்தது.

அடுத்த சனியும் கதவு பூட்டியே இருந்தது. இந்த முறை லாசர் ஒரு புதினம் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை மெரியில கூட்டம். நம்ம குளிப்பிடம் வருதாம். தொறக்கிறதா, அப்பிடியே விடுறதான்னு."

"ஆர் முடிவெடுக்கிறது?"

"மேயரம்மா, மெம்பருங்க. ஆனா போய் உக்கார யாருக்கும் தடை இல்ல. எல்லாருக்கும் தொறந்த கூட்டம். நான் போக முடியாது, நான் அவங்க ஆளு. நீங்க போங்களேன். குளிக்கிறவன் ஒருத்தனாவது வந்து உக்காந்திருக்கான்னு பாக்கட்டும்."

"காட் கேப்பினமோ?"

"உங்ககிட்டதான் பத்து வருஷக் கார்டு இருக்குல்ல. கேட்டா நீட்டுங்க. கேக்க மாட்டாங்க."

பக்கத்தில் நின்ற மிதுசன் என்ற பெடியன், ஒரே அறையில் பலரோடு படுப்பவன், "அண்ணை போங்கோ, போய் எங்கடை பேரிலையும் கும்பிட்டுப்போட்டு வாங்கோ," என்றான். அவனிடம் வதிவிட உரிமைக் கார்ட் இல்லை. அவன் மெரி இருக்கும் தெருவால்கூடப் போவதில்லை.

செவ்வாய் மாலை தவரத்தினம் இருந்ததில் நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு போனார். வாசல் காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்து, "கலியாணமா, பிறப்புப் பதிவா? அலுவலகம் பூட்டியாயிற்று," என்றான்.

"கூட்டம்," என்றார் தவரத்தினம்.

"எந்தக் கூட்டம்?"

"மேயரின் கூட்டம். குளிப்பு."

காவலாளி மாடிப்படியைக் காட்டினான்.

மண்டபத்தின் கூரையில் பொன் பூச்சும், சுவரில் உடுப்பில்லாத பெண்களின் ஓவியமும் இருந்தன. கீழே வளைந்த மேசையைச் சுற்றி உறுப்பினர்கள், ஆளுக்கொரு ஒலிவாங்கி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். பின்னால் பொதுமக்களுக்கென்று சிவப்பு வாங்குகள், வரிசை வரிசையாக. அவற்றில் ஒரே ஒருவர் இருந்தார்: எமில் என்ற வயதான வெள்ளைக்காரர், மேலங்கியைக் கழற்றாமல், மடியில் நிகழ்ச்சித்தாளோடு. தவரத்தினம் அதே வாங்கின் மற்ற நுனியில் இருந்தார்.

"முதல் தடவையா?" என்று எமில் கேட்டார்.

"ஓம். வுய்."

"நான் ஒவ்வொரு மாதமும் வருவேன். வீட்டில் கணப்பு பழுது. இங்கே கணப்பு நல்லது."

கூட்டம் ஓடியது. போன கூட்டத்தின் அறிக்கைக்கு ஒப்புதல். குழந்தைகள் காப்பகத்தின் கூரைத்துணி கிழிந்தது பற்றி. சதுரங்கக் கழகத்துக்கான உதவித்தொகை, போன வருடத்தை விடக் குறைவு, நெருக்கடி. பள்ளிக்கூட வாசலில் நின்ற மரத்தில் பூஞ்சணம், வெட்டுவதா வைப்பதா. ஒரு கஃபே நடைபாதையில் கூடுதலாக ஒரு வரிசை கதிரை போட விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வாசித்தார், ஒருவர் கேள்வி கேட்டார், கூட்டத்தின் தலைவியான மேயர் "ஆதரவு? எதிர்ப்பு? நடுநிலை?" என்றார், கைகள் உயர்ந்தன, இறங்கின. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் அழுக்குத் தட்டுகள் ஓடும் பட்டியில் வருவதுபோல விடயங்கள் வந்தன, போயின. அந்தச் சீர் தவரத்தினத்துக்குப் பழக்கமானதாக இருந்தது. எமில் ஒவ்வொரு விடயம் முடிந்ததும் தாளில் பென்சிலால் கோடு போட்டார்.

பிறகு ஒரு பெண் ஒலிவாங்கியை இழுத்தாள். கறுத்த, நரை விழுந்த பெண். பெயர்ப்பலகையில் ஜிஸ்லேன் என்று இருந்தது. தமிழ் முகம். பாண்டிச்சேரி ஆளாக இருக்கவேண்டும். தவரத்தினம் நிமிர்ந்து இருந்தார்.

"எமது பொறுப்பிலுள்ள பொதுக் குளிப்பிடம்," என்று அவள் வாசித்தாள். இந்தச் சொற்களை அவரால் பிடிக்க முடிந்தது. குழாய். எண்ணெய்க் கழிவு. பக்கத்துச் சுவர். உணவகம். அவள் வாசித்ததன் சாரத்தை எமில் மெதுவான பிரெஞ்சில் காதுக்குள் சொன்னார்: குழாயை அடைத்தது சமையல் எண்ணெய். ஒட்டிக்கொண்டிருக்கும் சாப்பாட்டுக்கடை களவாக ஊற்றியிருக்கிறது. பழுது பார்க்கும் செலவைக் கடை கட்டவேண்டும். கட்டியதும் குளிப்பிடம் திறக்கும்.



ஒட்டிக்கொண்டிருந்த கடை நாகேஸ்வரியினுடையது. புருசன் செத்த பிறகு தனியாக நடத்துகிறாள். தோசையும் ரோல்ஸும் கட்டிக் கொடுக்கிற சின்னக் கடை. அவள் எண்ணெயை எங்கேயும் ஊற்றமாட்டாள். ஒரே எண்ணெயை நிறம் மாறும்வரை பொரிப்பாள். அதுதான் அவளைப்பற்றி ஊரில் உள்ள குறை. குழாயை அடைத்தது சமையல் எண்ணெய் இல்லை. கறுப்பாக, களி மாதிரி என்று லாசர் சொன்னபோதே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். எண்ணெயும் அரப்பும் சேர்ந்தால் களிதான். சனிக்கிழமை சனிக்கிழமையாக, தொப்பி போட்ட அத்தனை பேரும் கழுவி விட்டது.

"ஆதரவு?" என்றார் தலைவி. கைகள் உயர்ந்தன.

"எதிர்ப்பு?"

தவரத்தினம் கையைத் தூக்கினார்.

தமிழர் கூடும் லா சப்பல் பகுதியில் நடக்கும் ஊர்ச்சங்கக் கூட்டங்களுக்கு அவர் போவதுண்டு. அங்கே வந்து இருக்கிறவர்கள் எல்லாரும் கை தூக்கலாம். வாசலில் செருப்புப் பார்க்கிறவன்கூடத் தூக்குவான், எண்ணுவார்கள். கூட்டம் என்றால் அதுதான் என்று அவர் நினைத்திருந்தார்.

தலைவி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஐயா, பொதுமக்கள் வாக்களிப்பதில்லை," என்று மரியாதையாகச் சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த விடயம்." அடுத்தது நடைபாதையில் மிதிவண்டி நிறுத்தும் கம்பிகள்.

கை எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. எமில் அவர் முழங்காலில் ஒருமுறை தட்டிவிட்டுத் தாளில் கோடு போட்டார்.

கூட்டம் முடிந்து நடையில் இறங்கும்போது செருப்புச் சத்தம் பின்னால் வந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். நீங்க தமிழா?" ஜிஸ்லேன். "எதுக்கு எதிர்ப்புன்னு கை தூக்கினீங்க? குளிப்பிடம் தொறக்கிறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கும் அம்மா. நான் அங்கைதான் குளிக்கிறனான்."

"அப்புறம்?"

"அது கடைக்காரி ஊத்தின எண்ணெய் இல்லை. அது நாங்கள் முழுகிற எண்ணெய். சனிக்கிழமையில. நல்லெண்ணெயும் அரப்பும்."

அவள் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரித்தாள். "மோன் தியூ. எங்கம்மா என்னைப் பிடிச்சு வச்சுத் தேய்ப்பாங்க. கண்ணெல்லாம் எரியும்." சிரிப்பு நின்றது. "எஞ்சினியர்கிட்ட யாரும் இதைச் சொல்லலையே."

"அவருக்கு எப்பிடித் தெரியும்."

"சரி, கேளுங்க ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க. கடைக்காரங்க எண்ணெய்ன்னா அவங்க இன்ஷூரன்ஸ் கட்டும், இல்ல அவங்க கட்டுவாங்க. குழாய் மாத்தலாம். குளிக்க வர்றவங்க எண்ணெய்ன்னா மெரிதான் கட்டணும். இந்த வருஷம் மெரிகிட்ட சதுரங்கத்துக்கே காசு இல்ல, பாத்தீங்கல்ல. ஒரேயடியா மூடிடுவாங்க. மூடுறதுக்குக் காரணம் தேடிக்கிட்டு இருக்கிறவங்க உள்ள நாலு பேர் இருக்காங்க."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நான் உங்ககிட்ட எதையும் கேக்கல. நீங்களும் எங்கிட்ட எதையும் சொல்லல. வெள்ளிக்கிழமை எஞ்சினியர் கடைசி முறையா வந்து பாத்துட்டு எழுதுவாரு. அதுக்கப்புறம் மாத்த முடியாது. நானும் வருவேன்." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "யோசிச்சுக்குங்க," என்றுவிட்டுப் படியேறினாள்.

வியாழன் மாலை அவர் நாகேஸ்வரியின் கடைக்குப் போனார். கடிதம் அவளுக்கு வந்திருந்தது. தோசைக்கல்லின் பக்கத்திலேயே எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"பாத்தியளே அண்ணை விளையாட்டை? நான் எண்ணெய் ஊத்தினனானாம். என்ரை குழாய் அந்தப் பக்கமே போறேல்லை. சொன்னால் கேக்கிறானில்லை."

"இன்ஷூரன்ஸ் கட்டாதோ?"

"எந்த இன்ஷூரன்ஸ்? அவர் செத்த வருசத்தோட அதை விட்டுட்டன். கடையைப் பூட்டிப்போட்டு மகளின்ரை வீட்டில போய்ப் பேரனுக்குப் பம்பர்ஸ் கட்ட வேண்டியதுதான்." அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "உங்களுக்குச் சம்பல் கூடப் போடவோ? மிஞ்சிக் கிடக்கு."

"போடு."

அவர் நின்றபடி சாப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குளிப்பிடம். திறந்திருந்தால் இந்த நேரத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். கழிவுக்குழாயில் போனதில் தன் முதுகில் பூசாத இடம் தவிர மற்ற உடம்பு முழுவதின் எண்ணெயும் இருக்கிறது என்று அவர் நினைத்தார். அதற்கான செலவை இவள் கட்டுவதென்றால் இனி அந்தக் குளிப்பிடத்தில் அவர் எதைக் கழுவப் போவது? வேறு பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. சம்பலில் உப்புக் கூடியிருந்தது.

வெள்ளி காலை குளிப்பிடத்தின் கதவு பாதி திறந்திருந்தது. எஞ்சினியர் இளம் வெள்ளைக்காரன். ரப்பர்ச் சப்பாத்தும் கைவிளக்குமாக நின்றான். ஜிஸ்லேன் குடையோடு நின்றாள். லாசர் சாவிக்கொத்தோடு. தவரத்தினம் பையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலையும் அரப்புப் பொட்டலத்தையும் எடுத்தபோது லாசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஞ்சை பாருங்கோ," என்று தமிழிலேயே சொன்னார். பிறகு பிரெஞ்சில், "இது நாங்கள். சனிக்கிழமை," என்றார்.

உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, அரப்பைக் கொட்டி, குழாய்த் தண்ணீரில் பிசைந்து நீட்டினார். எஞ்சினியர் குனிந்து மணந்தான். கீழ் அறைக்குப் போய் ஒரு கண்ணாடிப் போத்தலோடு திரும்பி வந்தான். அதிலிருந்ததையும் மணந்தான். இரண்டும் ஒரே மணம்.

"ஆ, அப்படியா," என்றான். அவனுக்குக் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. எழுதியிருந்ததில் ஒரு வரியை வெட்டி வேறு வரி எழுதினான். "இது தலைக்கு நல்லதா?" என்று கேட்டான். "நல்லது," என்றார் தவரத்தினம்.

ஜிஸ்லேன் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். ஆமென்றா, ஐயோவென்றா, தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு லாசர் கதவைப் பூட்டினார். சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார், "நல்லவனா இருக்கிறதுக்கு வேற கிழமை கெடைக்கலையா உங்களுக்கு?"

"என்னண்டு அண்ணை அவளைக் கட்டச் சொல்லுறது."

"நான் அதைச் சொல்லல. என்னை நீச்சல் குளத்துக்கு மாத்துவாங்க. டிக்கெட் கிழிக்க. அங்க எல்லாரும் சின்னப் பசங்க. யாரு பேரும் எனக்குத் தெரியாது." அவர் சிகரெட் தேடினார், கிடைக்கவில்லை. "போங்க. மழை வருது."

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் தவரத்தினம் போனார். போகாமல் இருந்திருக்கலாம். எமில் அதே வாங்கில் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தார். மரத்தை வெட்டுவதென்று முடிவாகியிருந்தது. குளிப்பிடம் கடைசிக்கு முந்திய விடயமாக வந்தது. பாவனையாளரின் பழக்கத்தால் பழுது, திரும்பவும் பழுதாகும், செலவுக்கு வழியில்லை, நிரந்தரமாக மூடல், கட்டடம் விற்பனைக்கு. கடையின் பெயர் வரவில்லை. ஜிஸ்லேன்தான் வாசித்தாள். ஒரு சொல்லில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

"ஆதரவு?" கைகள். "எதிர்ப்பு?" யாரும் இல்லை. தலைவி ஒரு கணம் சிவப்பு வாங்குகளின் பக்கம் பார்த்தார். தவரத்தினம் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்திருந்தார். "நடுநிலை?" ஜிஸ்லேனின் கை மட்டும் பாதி உயரத்துக்கு எழுந்தது. எமில் கோடு போட்டார்.

ஞாயிறு அன்று ரூ காயில் மிதுசன் எதிரே வந்தான். தலை பிசுபிசுத்துக் கிடந்தது.

"அண்ணை, உங்களை எங்களுக்காகக் கும்பிடச் சொல்லி அனுப்பினம். நீங்கள் அங்கை போய்ப் பாவமன்னிப்புக் கேட்டிட்டு வந்திருக்கிறியள்."

"அவளின்ரை கடை போயிருக்குமடா."

"சரி, கடை இருக்கு. நாங்கள் இனி எங்கை குளிக்கிறது? தேம்ஸிலையோ?"

"இஞ்சை ஓடுறது சேன்."

"எதிலை எண்டாலும் குளிர்தான்," என்றுவிட்டு அவன் போனான். பிறகு அவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்தால் போனான். மற்றப் பெடியளும் அப்படித்தான். தூரத்து வட்டாரத்தில் இன்னொரு குளிப்பிடம் இருந்தது. மெத்ரோ ரயிலில் சீட்டுப் பரிசோதகர் ஏறினால் கார்ட் இல்லாதவன் என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. தவரத்தினத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கட்டத் தேவையில்லை என்று நாகேஸ்வரிக்கு இரண்டாவது கடிதம் வந்தது. அவர் போனபோது அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"ஓமோ அண்ணை, நீங்களே குளிச்சு அடைச்சது? இவ்வளவு நாளும் வந்து என்ரை தோசையைத் திண்டுகொண்டு, என்னை மாட்டிப்போட்டு நிண்டனீங்களே?"

"நான்தானே போய்ச் சொன்னனான்."

"சொன்னனீங்கள். முதல் கடிதம் வந்து ஒரு மாசமா நான் நித்திரை கொள்ளேல்லை. எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே." அவள் தோசையைத் தட்டில் போட்டாள். அன்று சம்பல் அளவாக இருந்தது.

இராஜேந்திரன் தொலைபேசி எடுத்தான். "தவண்ணை, கேள்விப்பட்டன். விசர் வேலை பாக்காமல் சனிக்கிழமை இஞ்சை வாங்கோ. பாத் இருக்கு. ஆறுதலாக் குளியுங்கோ."

சனி காலை அவர் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினார். பையில் துவாய், எண்ணெய்ப் போத்தல், அரப்பு. சார்செலில் இராஜேந்திரனின் வீடு உயரமான கட்டடத்தில், ஒரே மாதிரியான கதவுகளில் ஒன்று. கோசலை தேத்தண்ணி தந்தாள். தந்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எண்ணெய் வைச்சனீங்களோ? போன மாசம் எங்கடை பாத் அடைச்சுக் கீழ்வீட்டுக்காரன் வந்து நிண்டு கத்தினவன்."

"இல்லைத் தங்கச்சி. சும்மா மேல் கழுவத்தான்."

குளியலறையில் பிள்ளையின் பிளாஸ்டிக் வாத்து, கோசலையின் பூ மணக்கும் போத்தல்கள், மூன்று பேரின் துவாய்கள். அவர் தன் துவாயை எங்கே கொழுவுவது என்று பார்த்து, கடைசியில் பையின் மேலேயே வைத்தார். தண்ணீர் நல்ல சூடு. கதவுக்கு வெளியே மகள் சாம்பவி தகப்பனிடம் பிரெஞ்சில் கேட்டாள், "அந்த ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாரா?" இராஜேந்திரன் "ச்சூ" என்றான். தவரத்தினம் தண்ணீரை நிறுத்தினார். தொட்டியைக் கையால் தேய்த்துக் கழுவி, விழுந்திருந்த தன் முடிகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ரயிலடி வரை இராஜேந்திரன் கூட வந்தான். "அண்ணை, முதுகு தேய்ச்சு விட்டிருப்பன். வீட்டில எல்லாரும் நிக்கினம், அதுதான்."

"அது ஒண்டுமில்லையடா."

"அடுத்த சனியும் வாங்கோ."

"பாப்பம்," என்றார் தவரத்தினம். போகவில்லை.

குளிர்காலம் வந்தது. அறைக் கதவுக்குக் கீழால் மெரியின் மாத இதழ் தள்ளப்பட்டுக் கிடந்தது. நல்ல தடித்த, வழுவழுப்பான தாள். மிதிவண்டிக் கம்பிகளின் படம், வெட்டிய மரத்தின் இடத்தில் நட்ட கன்றின் படம். குளிப்பிடத்தின் படம் இல்லை. சனிக்கிழமை அவர் அதைத் தாள் தாளாகக் கழற்றித் தொட்டியின் முன்னால் நிலத்தில் விரித்து, சாரத்தோடு அதன்மேல் நின்று எண்ணெய் தேய்த்தார். ஊறிய பிறகு உடனே கழுவவில்லை. மீதித் தாள்களால் உடம்பைத் துடைத்து, எண்ணெய் ஊறிய தாள்களைக் கசக்கிக் குப்பைப் பையில் போட்டார். அதற்குப் பிறகுதான் கோப்பைத் தண்ணீர். தொட்டியின் குழாய் அடைபடவில்லை.

முதுகுக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கதவின் உட்புறத்தில், தன் உயரத்துக்கு, ஒரு கை எண்ணெயைப் பூசுவார். பிறகு திரும்பி நின்று, அந்த இடத்தில் முதுகைச் சாய்த்து, மேலும் கீழும் உரசுவார். பலகை கரடுமுரடானது. நல்லாகத்தான் இருந்தது. கதவு கடகடவென்று ஆடும். முதல் தடவை பக்கத்து அறைக்காரன், பெயர் தெரியாத ஒருவன், யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்துத் தன் கதவைத் திறந்து பார்த்தான். நடையில் ஒருவரும் இல்லை. பூட்டிக்கொண்டான். இப்போது அவனும் திறந்து பார்ப்பதில்லை. கதவில் ஒரு கறுத்த வட்டம் பிடித்திருக்கிறது, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது.